அண்ணன் பேரில் பிடித்தம்

"உனக்கு எத்தனை அப்பாம்மா?"

தலைமையாசிரியர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைக்கு ஒரு தாளாகப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பழைய பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் தமயந்தியின் தகப்பனார் பெயர் சாமிக்கண்ணு. சுரங்கத்து வேலையாள் பிள்ளைதான் என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டில் கொளஞ்சிநாதன். சேர்க்கைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தமயந்தி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அப்பாவின் வேலை போய்விடும் என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. பிறகு யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சங்கராபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் அவர்களுக்கு. மழை ஏமாற்றிய ஒரு வருஷம் பெரியப்பா கொளஞ்சிநாதன் நெய்வேலிக்கு வந்து, ஜெயராமன் மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து, காண்ட்ராக்ட் வேலைக்குக் கேட் பாஸ் வாங்கினார். சித்திரை வெயிலில் சுரங்கத்துக்குள் நின்ற முதல் வாரமே மூக்கில் ரத்தம் கொட்டியது. வாங்கின பாஸை வீணாக்குவானேன் என்று தம்பி சாமிக்கண்ணுவை அனுப்பிவிட்டு அவர் ஊரில் ஏர் பிடிக்கப் போய்விட்டார். அப்போது தமயந்தி கைக்குழந்தை.

பாஸில் படம் கிடையாது. பேர், வயசு, அடையாளத்துக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம். சாமிக்கண்ணுவுக்கு மச்சம் இல்லை. அதை யாரும் பார்த்ததுமில்லை. பழுப்புக்கரித் தூசி படிந்த பிறகு எல்லாருக்கும் எல்லா இடத்திலும் மச்சம்தான்.

மந்தாரக்குப்பத்துக்கு வெளியே காண்ட்ராக்ட் ஆட்கள் போட்டிருந்த குடிசை வரிசையில் இது அதிசயமே இல்லை. நடவுக்கு ஊருக்குப் போகிறவன் மச்சான் கையில் பாஸைக் கொடுத்துவிட்டுப் போவான். மச்சான் போனால் அவன் பங்காளி வருவான். மேஸ்திரிக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். மண்ணைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டிலிருந்து சரிவதை அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற வேலைக்குப் பேர் எதற்கு? சுரங்கத்தில் சாமிக்கண்ணுவைக் 'கொளஞ்சி' என்றே கூப்பிட்டார்கள். அவரும் 'ஓய்' என்று திரும்பிப் பழகிவிட்டார்.

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்டுக்குக் கிளம்பும்போது சாமிக்கண்ணு வாசலில் நின்று திரும்பி, "வர்றேன்" என்பார். உள்ளே எந்த வேலையில் இருந்தாலும் விருத்தாம்பாள், "ம், வா" என்பாள். சண்டை போட்டு நாள் கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த காலத்திலும் அந்த ரெண்டு சொல் நின்றதில்லை. குழிக்குள் இறங்குகிறவன் சொல்லாமல் போகக்கூடாது. கேட்டவள் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது.

அந்த ஐப்பசியில்தான் பேச்சு கிளம்பியது. இனிமேல் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பி.எஃப். உண்டாம். கூலியில் பிடித்தம் செய்து, முதலாளியும் ஒரு பங்கு போட்டு, வயசான காலத்தில் கொடுப்பார்களாம். ஆள் போய்விட்டால் குடும்பத்துக்குப் பென்ஷனாம்.

ஹிதாயத்துல்லா பாய் டீக்கடையில் மழைக்கு ஒதுங்கின கூட்டம் முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு டீ வாங்க வந்த தமயந்தி சொம்போடு அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு ஓரமாக நின்றாள்.

"வயசானாத்தான் குடுப்பானாமே," என்றான் தனகோட்டி. வரிசையிலேயே வாய்நீளம் அவனுக்குத்தான். "எனக்கு இப்பவே வயசாயிடுச்சின்னு சொல்லிக்கினு போயி நிக்கறேன். பல்லப் புடிச்சா பாக்கப் போறான்?"

"நீ பூட்டா உம்பொண்டாட்டிக்கு மாசாமாசம் வருமாண்டா."

"ஐயோ, அத அவகிட்ட சொல்லிடாதீங்கடா. நாளைக்கே கொழம்புல எதையாச்சும் கலந்துருவா."

சிரிப்பு அடங்கியதும் மூலையில் பீடி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சிரிக்கறதுக்கில்ல. நாம பொழைக்க வந்தவங்க. தை பொறந்தா ஊரப் பாத்துப் போறவங்க. பர்மனென்ட் ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது, அவன் சேரட்டும். நாம ஊருக்குப் போயிட்டா, நாளப்பின்ன பஸ்ஸு ஏறி வந்து எந்த சன்னல்ல நின்னு கேக்கறது? 'நீ யாருடா'ம்பான்."

"எந்தத் தையிலப்பா போறீங்க?" என்றார் பாய், டீயை ஆற்றிக்கொண்டே. "நான் கடை வச்ச நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், தை பொறந்தா, தை பொறந்தான்னு. தை பொறந்துச்சு. உங்க புள்ளைங்களும் இங்கயே பொறந்துச்சு. ஒருத்தனும் போன பாடில்லை."

"மேஸ்திரி இன்னா சொல்றாரு?"

"வேணாம்ங்கறவன் வேணாம்னு கைநாட்டு வெச்சிட்டுப் போலாமாம். அதுல முதலாளிக்கும் சந்தோசந்தான். அவரு பங்கு மிச்சமில்ல? வேணுங்கறவன் திங்கக்கெழம காகிதம் எழுதிக் குடுத்துடணும்."

"கொளஞ்சி, நீ இன்னாய்யா சொல்ற? வாயத் தொறக்கவே மாட்டற."

சாமிக்கண்ணு மகள் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு எழுந்தார். "டீ ஆறிடும்," என்றார்.

விருத்தாம்பாள் டவுன்ஷிப்பில் மருதாசலம் என்கிற ஃபிட்டர் வீட்டில் பாத்திரம் துலக்கினாள். அங்கே கேட்டு வந்த சேதி அவள் மடியில் நெருப்பாக இருந்தது. சுரங்கத்து லெக்கோ கரிக்கட்டி கனிந்த அடுப்பில் களி கிண்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நாம சேந்துருவோம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்? போன மழையில மண்ணு சரிஞ்சி பூட்டானே, கள்ளக்குறிச்சிக்காரன், அவன் பொண்டாட்டிக்கு இன்னா குடுத்தாங்க? ஒரு மூட்ட அரிசி, பஸ்ஸு காசு. புள்ளைங்கள ரெண்டு கையிலயும் புடிச்சிக்கினு பஸ்ஸுல ஏறுனாளே, நாந்தான் மூட்டையத் தூக்கி உள்ள போட்டேன். 'எங்கக்கா போயி எறங்கறது'ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்கு ஒண்ணும் ஆவாது."

"அவனும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்திருப்பான்."

சாமிக்கண்ணு அடுப்புப் பக்கம் திரும்பாமல் வெளியே சொட்டுகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காகிதத்துல பொண்டாட்டி பேரு கேக்கறான் விருத்தா," என்றார்.

"எழுதறது."

"கொளஞ்சிநாதன் பொண்டாட்டி பேரு வள்ளியம்மா."

துடுப்பு அப்படியே நின்றது. களி குமிழி விட்டு அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் தமயந்திதான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள்.

"அதனாலதான் வேணாங்கறேன்," என்றார் அவர். "மைன்ஸுக்குள்ள கூட்டாளி, மேஸ்திரி, அத்தினி பேருக்கும் நான் அவன்தான். பழகிப்போச்சு. இந்த வூட்டுல மட்டுந்தான் நான் சாமிக்கண்ணு. இதையும் எழுதிக் குடுன்னா எப்படி?"

மறுநாள் விருத்தாம்பாள் மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மருதாசலம் காலை ஷிப்டு முடிந்து வந்து, குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உடுமலைப்பேட்டைக்காரர். சங்கத்தில் இருப்பவர். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பிடித்தம் வேண்டும் என்று கேட் கூட்டத்தில் பேசினவர்களில் அவரும் ஒருவர்.

"அவங்க சொல்றது எனக்கும் தெரியுமுங்க," என்றார் கயிற்றை இறுக்கியபடி. "வெளியூர்க்காரன், இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போயிருவான், அவனுக்கெதுக்குங்கறாங்க. எங்க ஆளுகள்லயே சில பேரு சொல்றாங்க. நான் மட்டும் எந்த ஊருங்க? இந்த மண்ணுக்குள்ள இருக்கற கரிய எடுக்க எல்லாரும் வெளியூர்ல இருந்துதான வந்தோம்? இடுப்பொடிஞ்சது இங்கீன்னா, பாத்துக்கறதும் இங்கயே இருக்கோணும். அவரை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பேரு கொளஞ்சிநாதன்தானுங்களே?"

விருத்தாம்பாள் துலக்கிய குண்டானை இன்னொரு முறை துலக்கினாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த வீட்டுச் சுவருக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

மருதாசலம் கயிற்றை விட்டார். பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அட, என்னுங்க இது. இத்தன வருசமா?"

"இப்ப எம்பேரு சாமிக்கண்ணுன்னு போயி சொன்னா இன்னாங்க ஆவும்?"

"சாமிக்கண்ணுங்கற ஆளு ஒரு நாள் கூட அந்த கேட்டத் தாண்டுனதில்லைன்னுருவாங்க. அடுத்தவன் பாஸுல வந்தேன்னு கேசு வந்தாலும் வரும். வேலை நிச்சயமாப் போயிரும்." அவர் தலையைச் சொறிந்தார். தமயந்தியைப் பார்த்து, "அம்மிணி, நீ உள்ள போயி அக்காகிட்ட காப்பி வாங்கிக்கோ," என்றார். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"இன்னொரு வழி இருக்குதுங்க. சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருக்குது. பேரு கொளஞ்சிநாதனாவே இருக்கட்டும். பொண்டாட்டிங்கற எடத்துல உங்க பேரை எழுதிருங்க. பொண்ணு பேரு தமயந்தி. எந்த வள்ளியம்மாவையும் அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா உங்க மூத்தாரு சம்மதிக்கோணும். நாளைக்கு அவரு வந்து, 'நாந்தான் கொளஞ்சிநாதன், இவ எம்பொண்டாட்டி இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா எல்லாம் போச்சு."

விருத்தாம்பாள் துலக்கிய பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். தமயந்திக்குக் காரணம் தெரியும். மூத்தார் எதிரில் அம்மா நின்றதில்லை. அவர் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவர் செருப்பைத் தாண்டமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. ஊரில் தம்பி பெண்டாட்டிகளுக்கு அதுதான் முறை.

ஊருக்குப் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பியதில் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரியப்பா வந்துவிட்டார். தோளில் மல்லாட்டைக் கடலைப் பை, கையில் குடை. வலது கன்னத்தில் மிளகளவு மச்சம். தமயந்தி எப்போதும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

குடிசை ஒரே அறைதான். நடுவில் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டால் அடுப்பு இருக்கிற பக்கம் உள்வீடு ஆகிவிடும். அந்தப் பக்கம் விருத்தாம்பாள் கருவாட்டுக் குழம்பை இறக்கினாள். இந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். புடவை விளிம்பில் தமயந்தி. தூது அவள்தான். அடுப்புக்கும் இலைக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் கூட இல்லை. அம்மா முணுமுணுத்தாலே அவருக்குக் கேட்கும். ஆனாலும் தமயந்தி திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

சாமிக்கண்ணு விஷயத்தைச் சொல்லி முடித்தார். மனைவி பெயர் கேட்கிறார்கள் என்பது வரைக்கும்தான் சொன்னார். பெரியப்பா குழம்பை வழித்துக்கொண்டே, "இதுக்கா வரச் சொன்ன? வள்ளியம்மா பேர எழுதிக்க," என்றார். "பணம்னு வந்தா அவ எடுத்துக்குவாளா? நான்தான் வுட்டுடுவனா?"

புடவைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது: "தமயந்தி, உங்க பெரியப்பா குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்னு சொல்லு. அவுங்க காலத்துக்கப்பறம்?"

"உங்க காலத்துக்கப்பறம்னு கேக்குது பெரியப்பா."

"கேட்டுச்சி. உங்கம்மாகிட்ட சொல்லு, எம்புள்ளைங்க ஒண்ணும் வழிப்பறிக்காரனுங்க இல்ல."

"நான் அப்படிச் சொல்லலன்னு சொல்லு. நாளைக்கு மருமவளுங்க வருவாங்க. 'எங்க மாமியா பேருக்கு வர்ற பணம்'னு சொன்னா நான் யார்கிட்ட போயி நிக்கறது?"

"பெரியப்பா, அம்மா..."

"அதுவும் கேட்டுச்சி!" பெரியப்பாவின் குரல் ஏறியது. "பேரு என்னுதுதான? அத வெச்சித்தான இத்தினி வருசம் கஞ்சி குடிச்சீங்க? உங்கப்பன் பங்கு நெலத்தையும் சேத்து நான் ஒண்டியா ஓட்டிக்கினு கெடக்கறன், அத யாராச்சும் கேக்கறீங்களா? வேற இன்னா பண்ணணும்ங்கறாங்க உங்கம்மா? எம்பேர வுட்டுட்டு அவம்பேர்ல சேரச் சொல்லு, எனக்கொண்ணும் இல்ல."

"அண்ணே, வேல பூடும்ணே," என்றார் சாமிக்கண்ணு. "வுட்டுடு. நமக்கு வேணாம். வேணாம்னு கைநாட்டு வெச்சிட்டு வந்துடறேன்."

அந்தப் பக்கம் கரண்டியைச் சட்டியில் வைக்கிற ஓசை கேட்டது. தமயந்தி அடுத்த தூதுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தூது வரவில்லை. புடவைதான் ஒதுங்கியது.

விருத்தாம்பாள் வெளியே வந்தாள். தலையில் முக்காடு. கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூத்தாரின் இலைக்கு எதிரில் வந்து நின்றாள். பெரியப்பா பதறி எழப் பார்த்தார். எச்சில் கையோடு பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"நானே கேட்டுடறேன்," என்றாள். கண் தரையில் இருந்தது. "காகிதத்துல எம்பேர எழுதிக்கலாம்னு சொல்றாங்க. அந்தக் காகிதத்துல மட்டும் நான் உங்க பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். இவ உங்க பொண்ணா இருந்துட்டுப் போறா. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லாம இருந்தீங்கன்னா போதும். செரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பெரியப்பா இலையில் கிடந்த கருவாட்டு முள்ளை ஓரமாக ஒதுக்கினார். அதையே திரும்ப எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

"ஊருல வள்ளிக்கு நான் இன்னாத்த சொல்றது?" என்றார் கடைசியில். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"அக்கா கால்ல நான் வந்து வுழறேன். அது எம்பாடு."

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எழுதிக்கம்மா," என்றார் பெரியப்பா.

அதுவரை அவளை அவர் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. 'அம்மா' என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அங்கே இருக்க முடியாதவர்போலக் கை கழுவ மழையிலேயே வெளியே போனார். போனவர் உள்ளே வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் குடிசைத் தாழ்வாரத்தில் நின்று பீடி பற்றவைத்தார்.

தமயந்தி காகிதத்தைப் பலகையில் வைத்து எழுத உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு என்று வாங்கின பேனா. அப்பா பேர் இடத்தில் பெரியப்பா பேர் வருவது அவளுக்குப் புதிதில்லை. அடுத்த வரியில் அம்மா பேர். அதையும் எழுதிவிட்டாள். தன் பேருக்கு வந்தபோது மை வரவில்லை. பேனாவை உதறினாள். மண்தரையில் நீலமாகத் தெறித்தது.

"படி," என்றார் சாமிக்கண்ணு.

"நைனா..."

"படிம்மா. எதுல கைநாட்டு வெக்கறேன்னு தெரிய வேணாமா?"

அவள் படித்தாள். "தொழிலாளி பெயர், கொளஞ்சிநாதன். மனைவி பெயர், விருத்தாம்பாள். மகள் பெயர், தமயந்தி."

"மறுபடி படி."

படித்தாள். விருத்தாம்பாள் புடவைக்குப் பின்னால் போகாமல் சுவரோரம் நின்று, ஈரக் கையைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா விருத்தா?" என்று கேட்டார் சாமிக்கண்ணு. கோபமாகக் கேட்கவில்லை. சோறு போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"நீ நல்லாயிருந்தா இது எதுவும் வேணாம்," என்றாள் அவள். "நீ இல்லாத அன்னிக்கு நான் பஸ்ஸுல ஏறக் கூடாது. அதுக்குத்தான்."

அவர் பெருவிரலை நீட்டினார். தமயந்தி பேனா முள்ளை அதில் தேய்த்து மை பூசினாள். வெடிப்புகளில் கரி ஊறி, நீலம் ஏறவே இல்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். அவர் விரலை அவளே பிடித்துத் தாளில் உருட்டினாள். விழுந்த ரேகை மட்டும் யாருடைய பேரிலும் இல்லாமல் அவருடையதாக இருந்தது.

சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமை என்று பெல்ட்டுக்குத் தெரியாது. இரண்டாவது ஷிப்டுக்கு ஆட்கள் குடிசைகளிலிருந்து கிளம்பினார்கள். சாமிக்கண்ணு விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். ஆணியில் தொங்கிய பாஸை எடுத்து மடியில் செருகினார். விருத்தாம்பாள் தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். யூரியா சாக்கை முக்காடாக மடித்துத் தலையில் போட்டுக் குனிந்து வாசலைத் தாண்டினார்.

விருத்தாம்பாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில்தான் அவர் திரும்புவார்.

அவர் திரும்பாமல் செம்மண் சேற்றில் பாதம் புதைய நடந்து, பக்கத்துத் தாழ்வாரத்தில் நின்ற அண்ணனைக் கடந்து, பாதையில் போய்க்கொண்டிருந்த மற்றவர்களோடு சேர்ந்தார். எல்லாரும் சாக்கு போட்டிருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியவில்லை. "கொளஞ்சி, வெரசா வாய்யா," என்று யாரோ கத்தினார்கள். சாக்குகளில் ஒன்று வேகமாக நடந்தது.

தொண்டைக்குள் எடுத்து வைத்திருந்த "ம், வா"வோடு விருத்தாம்பாள் வாசலிலேயே நின்றாள்.